ஏழாம் திகதி காலை அளவு

குருநகர்
12.12.2024

பிரசாந்தி,

போனில் நீ அழுவாய். அழுதால் நான் வைத்துவிடுவேன். ஒரு மாதமாக இதுதான் நடக்கிறது. அதனால் உன் இலக்கத்தைத் தடுத்துவைத்திருக்கிறேன். கோபத்தில் இல்லை. கோபத்திலும்தான்.

காகிதத்தில் அழமுடியாது. எழுது.

இங்கிருந்து நீர்வேலி பத்துக் கிலோமீற்றர். தபாலுக்கு மூன்று நாள். அந்த மூன்று நாள் எனக்கு வேண்டும்.

நேற்று முன்தினம் அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்தேன். அடுப்படியில் இருந்து பூசணிக்காய் வெட்டினேன். எமில் படலைக்கு வெளியே மோட்டார்சைக்கிளில் சாய்ந்தபடி இரண்டு மணித்தியாலம் நின்றார். ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. நீயும்.

உன் குழுப் பெண்கள் பந்தியில் இருந்தார்கள். சீனியைக் குறை, எண்ணெயைக் குறை, நட என்று பதினெட்டு மாதம் நீ சொல்லிக்கொடுத்த பெண்கள். இரண்டாம் தரமும் பாயாசம் வாங்கினார்கள். நீ வாளியோடு நின்றாய்.

அடுப்படியில் செல்வநாயகி அன்ரி ஒன்று சொன்னா.

"கொம்மா அண்டைக்கு விடிய மண்டபத்திலை கைதட்டு வாங்கினவ, பிள்ளை. சீனி இறங்கிட்டுது எண்டு அவவுக்குச் சரியான புளுகம், முகமெல்லாம் சந்தோசம்."

அன்றைக்கு என்றால் நவம்பர் ஏழு. சூரன்போர் நாள். காலையில் அம்மாவின் விரலில் குத்திச் சீனி அளந்தது நீ. பின்னேரம் ஆறு மணிக்கு, நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே, அம்மாவை நினைவில்லாமல் கண்டது நான். மூன்று நாள் அப்படியே கிடந்தா. கண் திறக்கவில்லை. பத்தாம் திகதி முடிந்தது.

எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும். அன்று காலை அளவு என்ன?

ஓர் எண். அதை எழுது. அம்மாவின் பச்சைக் கொப்பியையும் அனுப்பு. நீங்கள் அளவு எழுதுகிற கொப்பி.

கஜந்தினி


நீர்வேலி
17.12.2024

அக்கா,

நான் சுகம். நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

எமில் அத்தானை நான் கூப்பிடவில்லை. உண்மை. பெரியப்பா படலையடியில் கதிரை போட்டு இருந்தார். எனக்குத் துணிவு வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன் நீங்கள் இந்த வீட்டைவிட்டுப் போனபோதும் வரவில்லை. இது பழைய விடயம்.

பாயாசத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். செத்தவீட்டுப் பந்தியில் நின்று கரண்டி எண்ணியிருக்க வேண்டுமா?

'உன் குழு' என்கிறீர்கள். கேலி தெரிகிறது. அப்பா ஐம்பத்து மூன்று வயதில், பங்குனி வெயிலில், வாழைக்குலை வெட்டிக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நீங்கள் அப்போது தாதியர் விடுதியில். நான் ஒன்பதாம் வகுப்பு. தோட்டத்துக்குத் தேத்தண்ணி கொண்டுபோனது நான். அந்தப் போத்தலில் நாலு கரண்டி சீனி போட்டதும் நான். கம்பஸ் முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்தபோது இந்தத் திட்டத்துக்கு ஆள் கேட்டார்கள். நீரிழிவும் மாரடைப்பும் வராமல் ஊரைப் பழக்குகிற வேலை. நான் சம்பளத்தைப் பார்த்துச் சேரவில்லை. நம்பிச் சேர்ந்தேன்.

முதல்நாள் அம்மா வரமாட்டேன் என்றா.

"தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்விலை ரண்டு பிள்ளையளின்ரை பாரத்தோடை சாவகச்சேரி மட்டும் நடந்தனான். ஒண்டு கையிலை, மற்றது வயித்திலை வரப்போறது எண்டு தெரியாமலே. இனி நடக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

நான் பிறந்தது தொண்ணூற்றேழில் என்று சொன்னேன். "அப்ப ஒரு பிள்ளை. பாரம் ரண்டு பிள்ளைப் பாரம்தான்" என்றா. மண்டபத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் ஐந்தரைக்கு அம்மாதான் முதல் ஆள். அப்பாவின் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு. முன்னுக்குத் துணி அடைத்து.

முப்பத்திரண்டு பெண்கள். வாழைத்தோட்ட ஒழுங்கையால் போய்க் கோயிலைச் சுற்றி மண்டபத்துக்கு. முதலில் ஊர்ப்பெடியள் வேலியோடு நின்று "லெஃப்ட், றைட்" சொன்னார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். அம்மா தேத்தண்ணியை வெறுந்தேத்தண்ணி ஆக்கினா. அரிசிமாப் புட்டைக் குரக்கன்மாப் புட்டு ஆக்கினா. இடுப்பு ஏழு சென்ரிமீற்றர் குறைந்தது. அவவின் சீனி இருநூற்றுப் பத்திலிருந்து நூற்று நாற்பதுக்கு இறங்கியது. இதெல்லாம் பொய்யில்லை. இதையும் ஒருதரம் நினையுங்கோ.

கடைசி அளவீட்டை ஏழாம் திகதி வைத்தது தேர்தலால். மண்டபத்தை வாக்களிப்புக்கு எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். அதற்குமுன் முடிக்கவேண்டி இருந்தது.

அளவு நினைவில்லை. முப்பத்திரண்டு பேரை அளந்தேன். கொப்பி வெள்ளத்தில் போயிற்று. கார்த்திகை மழை உங்களுக்குத் தெரியும். சாமியறை வரைக்கும் தண்ணீர்.

அம்மா கந்தசஷ்டி பிடித்தது யாருக்காக என்பதும் தெரியும். ஆறு வருடமாக. ஒவ்வொரு வருடமும் ஆறு நாள்.

பிரசாந்தி


குருநகர்
21.12.2024

பிரசாந்தி,

கொப்பி வெள்ளத்தில் போகவில்லை.

முப்பத்தோராம் நாள் அதைக் கண்டேன். சாமியறையில், குத்துவிளக்குக்குப் பின்னால். பச்சை மட்டை. எடுக்கப் போனேன். பெரியம்மா வாசலில் கையை நீட்டினா. "நீ உள்ளுக்குப் போகாதை பிள்ளை. வேதக்காற வீட்டுச் சாப்பாடு." நான் நின்றுவிட்டேன். வெள்ளம் வற்றிப் பத்து நாளுக்குப் பிறகு நடந்தது இது.

நீ ஏன் பொய் சொல்கிறாய் என்று ஓர் இரவு முழுக்க யோசித்தேன். பிறகு யோசிக்கத் தேவையில்லாமல் போயிற்று.

நான் பதினொரு வருடமாகத் தாதி. கேள்.

விரதம் மட்டும் அம்மாவைக் கொன்றிருக்காது. ஐந்து வருடம் பிடித்து எழும்பியவ. முன்னைய ஐந்து வருடமும் அவவுக்கு அந்தக் குளிசை இல்லை. போன ஆவணியில்தான் கிளினிக்கில் எழுதினார்கள். கிளிக்கிளசைட். காலையும் பின்னேரமும். அந்தக் குளிசை வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பார்க்காது. இரத்தத்தில் இருக்கிற சீனியை இறக்கும். இறக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் இறக்கும்.

அம்மா ஐந்து நாள் ஒரு நேரம் பாலும் பழமும். ஆறாம் நாள் தண்ணீர்.

குளிசைப் பெட்டியை நான் ஆஸ்பத்திரியில் வாங்கிப் பார்த்தேன். எண்ணினேன். ஒன்றுகூடத் தவறவில்லை. ஏழாம் திகதிக் காலைக் குளிசையும் போட்டிருக்கிறா.

அனுமதித்தபோது அளவு இருபத்து நான்கு. அட்டையில் இருக்கிறது. இருபத்து நான்கில் மூளை அணைந்துகொண்டிருக்கும். ஒரு வீட்டில் மண்ணெண்ணெய் தீருகிற மாதிரி, அறை அறையாக.

விரதத்தோடு குளிசை போடச் சொன்னது யார்?

என்னை ஒரு சொல் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பேன். விரதம் என்றால் குளிசையை நிற்பாட்டுங்கோ, இல்லாவிட்டால் விரதத்தை நிற்பாட்டுங்கோ. கிறிஸ்தவனைக் கட்டினாலும் நான் தாதிதான். என்னை யாரும் கேட்கவில்லை.

காலை அளவை நீ எழுதாவிட்டால் உங்கள் அலுவலகத்துக்கு எழுதுவேன். ஒருங்கிணைப்பாளர் தியாகராசாவின் பெயர் உன் அடையாள அட்டையில் இருக்கிறது.

கஜந்தினி


நீர்வேலி
29.12.2024

அக்கா,

எழுதுங்கோ. முகவரியும் அடையாள அட்டையில் இருக்கிறது.

ஆனால் அதற்குமுன் நீங்கள் கேட்டதுக்குப் பதில்.

குளிசை போடச் சொன்னது நான்.

நவம்பர் மூன்று. விரதத்தின் இரண்டாம் நாள். மேசையில் படிவங்கள் பரப்பி இருந்தேன். அம்மா வாசல்நிலையில் சாய்ந்து நின்று கேட்டா.

"பிள்ளை, விரதத்தோடை உந்தக் குளிசையைப் போடலாமோ? தலை கிறுகிறுக்குது."

நான் நிமிரவில்லை. "ஒருநாளும் விடக்கூடாதெண்டு எத்தினை தரம் சொல்லிறது அம்மா? சுவரிலையும் எழுதி ஒட்டிக் கிடக்கு."

சுவரில் ஒட்டியிருந்தது. 'குளிசையை ஒருநாளும் தவறவிடாதீர்கள்.' என் கையெழுத்து. சிவப்பு மையில், அடிக்கோடு இரண்டு. அம்மா அதைத் திரும்பிப் பார்த்தா. "ஓம், கிடக்கு" என்றா. போய்விட்டா.

தேர்தல் என்று எழுதினேன். அதுவும் முழுதாக உண்மையில்லை. மண்டபம் பன்னிரண்டாம் திகதி வரை இருந்தது. ஏழாம் திகதியைத் தெரிவுசெய்தது நான். குழுவில் இருபத்தெட்டுப் பேர் சஷ்டி பிடிக்கிறவர்கள். ஆறாம் நாள் காலை அளந்தால் எல்லோருக்கும் இறங்கியிருக்கும். மற்ற ஊர்க் குழுக்கள் எங்களைவிட முன்னுக்கு நின்றன. உரும்பிராய்க் குழு எல்லோருக்கும் முன்னுக்கு நின்றது. திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு ஒரு ஊரைத்தான் எடுப்போம் என்று சொல்லியிருந்தார்கள். நான் கலண்டரைப் பார்த்தேன். கலண்டரில் முருகன் படம். அதற்குக் கீழே ஏழு.

அன்று மண்டபத்தில் நடந்ததை இப்போது எழுதமாட்டேன். முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா ஏழேகாலுக்கு வீட்டுக்குப் போனா. பத்து மணிக்குச் செல்வநாயகி அன்ரி பூ வாங்க வந்தபோது விறாந்தையில் படுத்திருந்தா. உடம்பெல்லாம் வியர்வை. கூப்பிட்டால் முனகினா. "முருகா" என்றது மாதிரிக் கேட்டதாம். அன்ரி கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறா. பக்கத்தில் இருந்து விசிறியிருக்கிறா. பதினொரு மணிக்கு எனக்குப் போன்.

"கொம்மா அயர்ந்து போய்க் கிடக்கிறா, பிள்ளை. விரதக் களைப்பு."

"படுக்கட்டும் அன்ரி" என்றேன். பிறகு படிவங்களை எடுத்துக்கொண்டு பட்டணத்து அலுவலகத்துக்குப் போனேன். அன்றே கொடுத்தால் நல்லது என்று.

அன்ரியின் கையில் தேத்தண்ணி இருந்திருக்கிறது. தனக்கென்று ஊத்தினது. சீனி போட்டது, எங்கள் குழுவில் இன்னும் சீனியைக் குறைக்காத ஒரே ஆள் அவதான். அம்மாவின் உதட்டருகில் கொண்டுபோயிருக்கிறா. பிறகு எடுத்துவிட்டா. "ஆறு நாள் பிடிச்ச விரதம், பிள்ளை. சூரன்போர் முடிய இன்னும் அஞ்சு மணித்தியாலம். என்ரை கையாலை முறிப்பனே?" இதைச் சொல்லும்போது அவவின் முகத்தில் பெருமை இருந்தது. இன்னும் இருக்கிறது.

ஐந்து மணிக்கு நான் வந்தேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இனி நான் ஒன்று கேட்கிறேன்.

அம்மாவின் போன் என்னிடம் இருக்கிறது. நவம்பர் ஐந்து, செவ்வாய்க்கிழமை. பின்னேரம் 5.10. 'கஜா'. எடுக்கவில்லை. 5.14. 'கஜா'. எடுக்கவில்லை.

அம்மா மாதத்தில் ஒருக்கால்தான் உங்களுக்கு எடுப்பா, அதுவும் முதலாம் திகதி. ஐந்தாம் திகதி இரண்டு தரம் எடுத்தது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? நான் சொன்னதில் நம்பிக்கை இல்லாமல் உங்களைக் கேட்க எடுத்திருக்கிறா.

'என்னை யாரும் கேட்கவில்லை.' இந்த வரியைத் திரும்ப வாசித்தேன். அழகான கையெழுத்து உங்களுக்கு.

பிரசாந்தி


குருநகர்
6.1.2025

பிரசா,

இந்தக் கடிதத்தை நாலு தரம் தொடங்கினேன்.

நான் அன்று விடுமுறை. வீட்டில் இருந்தேன். மீன் கழுவிக்கொண்டு. கையில் செதில். போன் குசினி யன்னல் விளிம்பில் இருந்தது. 'அம்மா' என்று வந்தது. கை கழுவ ஒரு நிமிடம் போதும்.

கழுவவில்லை.

இரண்டாம் தரமும் அடித்தது. எமில் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். "எடும் கஜா, கொம்மா" என்றார். "பிறகு எடுப்பம்" என்றேன். பிறகு என்பது ஏழாம் திகதி பின்னேரம்.

ஏன் எடுக்கவில்லை என்று எழுதுகிறேன். நீ கேட்கமாட்டாய். ஆனால் நீயும் எழுதிவிட்டாய்.

முதலாம் திகதியைவிட, ஒவ்வொரு சஷ்டிக்கும் உனக்குத் தெரியாமல் அம்மா எடுப்பா. முதலில் மழை. பிறகு மீன் விலை. பிறகு குரல் தாழும். "விசேசம் ஒண்டுமில்லையோ பிள்ளை?" இல்லை என்பேன். "கந்தன் குடுப்பான். நான் பிடிக்கிறன்." அந்த இடத்தில் எமில் கூப்பிடுகிறார் என்று சொல்லி வைத்துவிடுவேன். அதைக் கேட்கத்தான் எடுக்கிறா என்று நினைத்தேன். சஷ்டி நாலாம் நாள். வேறு எதற்கு?

எங்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகவில்லை, பிரசா. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கலியாணம் முடித்த வருடமே. இரண்டு வீட்டாரும் பிள்ளையை எந்தப் பக்கம் இழுப்பார்கள் என்று பார்த்தோம். ஞானஸ்நானமா, காது குத்தா. பிறக்காத பிள்ளைக்கு எமிலின் தாய் சின்னத்தங்கம் மாமி பெயர் வைத்திருந்தா. அம்மா வேறு பெயர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. வேண்டாம் என்று இருந்துவிட்டோம். நல்லாகத்தான் இருக்கிறோம்.

அதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் என்னை முழுதாக விட்டுவிடுவா என்று பயந்தேன். 'இல்லை' என்றால் எனக்காக விரதம் பிடிப்பா. விரதம் பிடிக்கிற வரைக்கும் நான் அவவின் பிள்ளை. அந்தக் கணக்கில் இருந்தேன்.

ஆறு வருடம். முப்பத்தாறு நாள். நான் வேண்டாம் என்று வைத்த ஒன்றுக்காக அம்மா பட்டினி கிடந்தா. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே மீன் சாப்பிட்டுக்கொண்டு.

'என்னை யாரும் கேட்கவில்லை' என்று எழுதும்போது அது பொய் என்று தெரிந்தே எழுதினேன். உன் பொய்யைப் பிடிக்கிற அவசரத்தில்.

அலுவலகத்துக்கு எழுதவில்லை.

ஆனால் நான் கேட்டதை இன்னும் கேட்கிறேன். காலை அளவு என்ன? உன்னைத் தண்டிக்க இல்லை. தெரியாமல் இருக்க என்னால் முடியவில்லை. வார்ட்டில் ஒவ்வொரு விரலில் குத்தும்போதும் அம்மாவுக்கு ஓர் எண் வைத்துப் பார்க்கிறேன். எழுபது என்று வைக்கிறேன். அறுபத்தைந்து. எழுபது என்றால் நீ கண்டுபிடித்திருக்க முடியாது. எழுபது என்று எழுது, நம்புகிறேன்.

கஜந்தினி


நீர்வேலி
13.1.2025

அக்கா,

நாளைக்குப் பொங்கல். எங்களுக்கு இல்லை. அயல் வீடுகளில் முற்றம் மெழுகுகிறார்கள்.

எழுபது இல்லை.

கொப்பியை இதோடு அனுப்புகிறேன். பதிவுத்தபாலில். கடைசிப் பக்கத்தைத் திறக்குமுன் இதை வாசியுங்கோ.

ஏழாம் திகதி காலை ஆறு நாற்பது. மண்டபத்தில் வரிசை. அம்மா பதினெட்டாவது. வெள்ளைச் சீலை, ஈரத் தலை. கையை நீட்டினா. நடுங்கியது. குளிர்ந்திருந்தது.

"கை விறைக்குது பிள்ளை."

"மழைக் குளிரம்மா."

குத்தினேன். இரத்தம் வரச் சுணங்கியது. பிதுக்கினேன். கருவி ஐந்து எண்ணியது.

52.

அக்கா, எனக்குப் புளுகம் வந்தது. அதைத்தான் இவ்வளவு நாளும் எழுத முடியவில்லை. பயம் வரவில்லை. சந்தேகம் வரவில்லை. புளுகம். பதினெட்டு மாதம் நான் படித்ததும் படிப்பித்ததும் ஒரே திசை. கூடினால் சிவப்பு. குறைந்தால் பச்சை. பயிற்சியின் முதல்நாள் காலை, கீழே இறங்கினாலும் ஆபத்து என்று ஒரு தாள் தந்திருந்தார்கள். அன்றைக்கு எனக்கு பஸ் பிந்தியது. பிறகு வாசிக்கலாம் என்று வைத்தேன். என் பயிற்சிக் கோப்புக்குள் இருந்தது. இப்போதுதான் எடுத்தேன். வியர்வை, நடுக்கம், குளிர்ந்த கை. ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள்.

அம்மா கேட்டா, "எவ்வளவு பிள்ளை?"

"அம்பத்திரண்டு!"

"நல்லதோ?"

"அந்தமாதிரி அம்மா. நல்லாக் குறைஞ்சிருக்கு."

எழும்பி நின்று எல்லோருக்கும் சொன்னேன். குழுவிலேயே ஆகக் குறைந்த அளவு. அட்டவணையில் பச்சை வட்டம் ஒட்டினால் மூன்று தரம் கைதட்டுவது எங்கள் வழக்கம். முப்பத்தொரு பெண்கள். மூன்று தரம். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தா. முந்தானையால் முகம் துடைத்தா. வெட்கத்தில் வியர்த்தது என்று நினைத்தேன். "உன்ரை கொக்காவுக்கும் சொல்லு" என்றா. "கேட்டால் சந்தோசப்படுவள்."

எனக்கு நேரமில்லை. உங்களுக்குச் சொல்லவில்லை.

அம்மா போகும்போது படியில் ஒருக்கால் தடக்கினா. அதையும் கண்டேன்.

இனி மற்றது. திட்ட அறிக்கை அச்சுக்குப் போகிறது. எங்கள் ஊர்தான் முதலாம் இடம். இரண்டாம் கட்டம் எங்களுக்கு. தியாகராசா சேர் அம்மாவின் படம் கேட்கிறார். இருநூற்றுப் பத்திலிருந்து ஐம்பத்திரண்டு. அதைவிட நல்ல உதாரணம் மாவட்டத்தில் இல்லையாம். "காலமாகிட்டா எண்டு கீழை ஒரு வரி போடுவம், மரியாதையா" என்றார். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

போன வியாழன் குழுவில் சொல்லப் பார்த்தேன். எழும்பி நின்றேன். "அம்மாவுக்கு அண்டைக்கு அளவு மெத்தக் குறைஞ்சு போச்சுது. அதாலைதான்" என்றேன். அதற்குள் அழுதுவிட்டேன். செல்வநாயகி அன்ரி என் கையைப் பிடித்தா.

"அழாதை பிள்ளை. ஞானாம்பிகை குடுத்து வைச்சவ. விரதத்தோடை, சூரன்போர் அண்டைக்கு விழுறதெண்டால் ஆருக்குக் கிடைக்கும்? வருத்தமும் மாறி, பாவமும் தீர்ந்து போனவ."

எல்லோரும் ஓம் என்றார்கள். யாரோ கண்ணைத் துடைத்தார்கள். பிறகு வரிசையில் நின்று விரலை நீட்டினார்கள். அதில் பதினோரு பேர் அம்மா போட்ட அதே குளிசை போடுகிறவர்கள். பத்து மாதத்தில் அடுத்த சஷ்டி. "அம்பத்திரண்டுக்குக் கொண்டுவந்து காட்டிறன் பார்" என்று ஒருவர் மற்றவருக்குச் சவால் விடுகிறார்கள். அம்மாவின் எண் இப்போது குழுவின் இலக்கு.

சுவரில் அட்டவணை இருக்கிறது. அம்மாவின் வரிசையில் கடைசியாக நான் ஒட்டிய பச்சை வட்டம். நேற்று நகத்தால் சுரண்டினேன். பாதி வந்தது. பாதி ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

நீங்கள் அலுவலகத்துக்கு எழுதியிருக்கலாம்.

பிரசாந்தி


குருநகர்
18.1.2025

பிரசா,

கொப்பி வந்தது.

கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். 52. அதன்மேல் பச்சை. அதன்கீழ் உன் கையெழுத்தில் 'மிக நன்று'. அதற்குக் கீழே அம்மா கையொப்பம் வைத்திருக்கிறா. ஞானாம்பிகை. 'பி'யின் சுழி கோட்டுக்கு வெளியே போய் எங்கேயோ நிற்கிறது. முந்தின பக்கங்களில் அப்படி இல்லை. நீ அதைப் பார்த்திருப்பாய். நானும் பார்க்கிறேன்.

வார்ட்டில் ஐம்பத்திரண்டு என்றால் நாங்கள் நடக்கமாட்டோம். ஓடுவோம். அரைக் கோப்பை தண்ணீர், மூன்று கரண்டி சீனி. கால் மணித்தியாலத்தில் ஆள் எழும்பியிருந்து வீட்டுக்குப் போகவேணும் என்று சண்டை பிடிக்கும். அவ்வளவுதான். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

உன்னை மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று எழுதிப் பார்த்தேன். அது என் கையெழுத்து மாதிரி இல்லை. நீயும் என்னை மன்னிக்கவேண்டாம்.

ஆனால் அந்தப் பதினோரு பேர் இருக்கிறார்கள். உன் அழுகையை அவர்கள் திருநீறு மாதிரிப் பூசிக்கொண்டு போகிறார்கள். அழுதுகொண்டு சொன்னால் அப்படித்தான். பேய்க் கதையாகவோ புண்ணியக் கதையாகவோ எடுப்பார்கள். எண்ணோடு சொல்லவேண்டும்.

தியாகராசாவுக்கு நீயே எழுது. படம் தரமுடியாது என்று எழுது. ஏன் என்றும் எழுது. வேலை போகும். இரண்டாம் கட்டம் உரும்பிராய்க்குப் போகும். போகட்டும். நீ எழுதாவிட்டாலும் நான் எழுதமாட்டேன். அதை உன்னிடமிருந்து எடுக்கமாட்டேன்.

வருகிற வியாழன் ஐந்தரைக்கு நான் வருகிறேன். எமில் கொண்டுவந்து விடுவார். படலைக்கு வெளியே நிற்கமாட்டார். மண்டபத்துக்குள் வருவார், கதிரையில் இருப்பார். பெரியப்பாவுக்கு நீ இப்போதே சொல்லிவை. அதற்காவது துணிவு வரட்டும்.

கோயிலடி வரைக்கும் உங்களோடு நடப்பேன். உள்ளே வரமாட்டேன். பிறகு மண்டபத்தில் எல்லோரையும் இருத்து. அழாதே. அட்டவணைக்கு முன்னால் நின்று நீ உன் எண்ணைச் சொல். ஐம்பத்திரண்டு. நான் கைதட்டினேன் என்று சொல்.

பிறகு நான் எழும்பி என் எண்ணைச் சொல்வேன். இரண்டு. இரண்டு தரம் அடித்தா, நான் எடுக்கவில்லை என்று. ஏன் என்று செல்வநாயகி அன்ரி கேட்பா. அதையும் சொல்வேன்.

அதன்பிறகு ஒவ்வொருவரின் கையிலும் ஒரு பொட்டலம் கொடுப்போம். சேலையில் முடிந்துவைக்கச் சொல்வோம். விரதத்திலும் முடிந்திருக்கவேண்டும், கோயிலுக்குள்ளும்.

மூன்று கரண்டி சீனி. முப்பத்தொரு பொட்டலம். நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.

கஜந்தினி